வாய் பேசாப் பிள்ளையின் ‘வேண்டாம்’

சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய்க்கு நான் ஒரு மஸ்அலா சொன்னேன். அது பிழை. பிழையாக மஸ்அலா சொன்னவன், பிழையென்று தெரிந்த பின் கேட்டவரைத் தேடிப்போய்த் திருத்திச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் உஸ்தாதுமார்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். அந்தத் தாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் அதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் தாய்மார்கள் நம் ஊர்களில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்கள் கையிலும் இது போய்ச் சேரட்டும் என்றே எழுதுகிறேன்.

அன்று அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். எங்கள் மஹல்லாச் சகோதரி ஒருவர் என் மனைவியுடன் உள்ளே உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார். அவருடைய மகனுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்துப் பட்டணத்தில் ஒரு தெரபி நிலையத்துக்கு வாரம் ஐந்து நாள் பஸ்ஸில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“ஆலிம்சா, உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. பெத்தவங்க உள்ளே வரக்கூடாதுங்கிறாங்க. உம்மாவைப் பார்த்தா புள்ள பாடம் படிக்காதாம். கேட்டு கிட்ட போனதும் என் பர்தாவை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிறான். விரலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டுத் தூக்கிட்டுப் போறாங்க. நான் இப்படி விட்டுட்டு வர்றது கூடுமா?”

என் பதில் உடனே வந்தது. பிள்ளை பாலிக் ஆகவில்லை. அவனுடைய விருப்பு வெறுப்புக்குச் சட்டமில்லை. வாப்பாதான் வலீ, அவர் சம்மதித்திருக்கிறார். மருந்து கசக்கத்தான் செய்யும், ஸபுரு செய்யுங்கள் என்றேன். “சரி ஆலிம்சா” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தியில் நான் தேநீர் குடித்தேன்.

என் பதில் ஏன் பிழை என்று சொல்வதற்கு முன், விஷயம் இன்னதென்று அறியாத வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் அமைந்த ஒரு வேறுபாடு. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கேனர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் மூலம் அதை மருத்துவ உலகுக்குத் தெரியப்படுத்தினார். தாய் பாசம் காட்டாததால் இது வருகிறது என்று மேல்நாட்டில் சில காலம் சொல்லிவந்தார்கள். அது பொய்யென்று தள்ளப்பட்டு வெகுகாலமாகிறது. நம்மவர்களோ, “உண்டாகியிருந்தபோது மஃரிபு நேரத்தில் வெளியே போனாயா?” என்று கேட்டு, அதே பழியை வேறு வழியாகத் தாயின் தலையிலேயே வைக்கிறார்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் பேர்பெற்றது நடத்தைச் சிகிச்சை. ஏ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு காரியத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒரு துண்டைப் பிள்ளை செய்தால் உடனே அவனுக்குப் பிரியமான ஒன்று கிடைக்கும்; செய்யாவிட்டால் கிடைக்காது. இப்படித் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தாளில் குறிக்கப்படும். சட்டைக்குப் பொத்தான் போடவும் கழிப்பறைக்குப் போகவும் இவ்விதமாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. பொறுமையும் இரக்கமும் உள்ள ஆசிரியர்களும் அதில் உண்டு. ஆகவே, இதை ஹராம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் இதன் பிறப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐவார் லோவாஸ் என்பவர் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுத்ததில், 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலச் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்றார். உலகெங்கும் இந்த முறை பரவ அந்த 9 என்ற எண்ணே பெருங்காரணமாயிற்று. பிள்ளை வேண்டாத நடத்தையைக் காட்டியபோது உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்த முறையில் சேர்ந்திருந்தன என்று அதே ஆய்வில் எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. இன்று பெரும்பாலோர் அடியைக் கைவிட்டுவிட்டார்கள். எனினும் பிள்ளை அழுதால் கவனிக்காதே, கவனித்தால் அழுகை வளரும் என்ற விதி பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பிள்ளை மறுப்பதை ஒரு தடையாகக் காண்கிறார்களே ஒழிய, அவன் நமக்குச் சொல்லும் ஒரு சொல்லாகக் காண்பதில்லை.

இடையில் ஒன்று. கண்ணைப் பார்த்துப் பேச வைப்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடமாக இருந்துவருகிறது. மதரஸாவில் நாங்கள் ஓதிய காலத்தில் உஸ்தாதின் முகத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது அதபுக் குறைவு. இப்போது பார்வையைத் தாழ்த்தும் பிள்ளையைக் கண்ணுக்குள் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு துண்டு பிஸ்கோத்து கொடுக்கச் சம்பளம் கட்டுகிறோம்!

விஷயத்துக்கு வருகிறேன். நான் அந்த மஸ்அலாவைச் சொல்லி நான்கு மாதம் கழிந்திருக்கும். இஷாவுக்குப் பின் பள்ளியில் நடக்கும் தர்ஸில், ஸஹீஹுல் புகாரீயில் பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயைப் பற்றிய பாடம் வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அது. நோய் கடுமையாகிப் பெருமானார் தளர்ந்திருந்த வேளையில், வீட்டிலிருந்தவர்கள் வாயின் ஓரமாக மருந்தை ஊற்றினார்கள். அப்படி ஊற்றும் மருந்துக்கு அரபியில் லதூத் என்று பெயர். வேண்டாம் என்று பெருமானார் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது இயல்புதானே என்று எண்ணி அவர்கள் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் பெருமானார், நான் உங்களைத் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். நோயாளியின் வெறுப்பு என்று நினைத்தோம் என்று இவர்கள் பதில் சொன்னார்கள். அந்தச் சமாதானம் ஏற்கப்படவில்லை. அவ்வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும், தாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே மருந்தை ஊற்றும்படி பெருமானார் கட்டளையிட்டார்கள். அப்போது உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள்.

இந்த ஹதீஸை நான் ஓதியது இது முதல்முறையல்ல. மாணவனாயிருந்தபோது ஓதியிருக்கிறேன்; ஆசிரியனாயிருந்து ஓதிக்கொடுத்தும் இருக்கிறேன். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது இயல்பு என்ற அந்த வார்த்தையை அன்று வாசித்தபோதுதான் நெஞ்சில் தைத்தது. அது யாருடைய வார்த்தை? மருந்து கசக்கத்தான் செய்யும் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொன்ன அதே வார்த்தை அல்லவா!

அங்கே ஊற்றியவர்கள் பகைவர்களா? இல்லை. உயிரினும் மேலாகப் பெருமானாரை நேசித்தவர்கள். கொடுத்தது விஷமா? இல்லை, மருந்து. எண்ணம் கெட்டதா? அதுவும் இல்லை. பின் எதற்காக அந்தக் கண்டிப்பு? நாவால் பேச இயலாத நிலையில் ஒருவர் கையசைத்துச் சொன்னதை, ‘இது வெறும் வெறுப்பு’ என்று பெயரிட்டுத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கையசைப்புக்குப் பொருள் உண்டு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இதைக் கேட்டு ஒரு மௌலவி நண்பர் என்னுடன் வாதாடினார். “அவர்கள் அல்லாஹ்வின் ரஸூல். இவனோ ஏழு வயதுப் பிள்ளை. கியாஸ் பொருந்துமா?” என்றார். நியாயமான கேள்வி. பிள்ளையின் சைகைக்கு நபியின் கட்டளைக்குள்ள அந்தஸ்து உண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: நாவால் சொல்லாதது, சொல்லாததாகிவிடாது. நம் ஃபிக்ஹு கிதாபுகளில் இது தெரிந்த சங்கதி. வாய் பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகையால் நிகாஹ் நிறைவேறும், தலாக் நிகழும், வியாபாரம் செல்லும். உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தின் 70ஆம் விதி இதைத்தான் கூறுகிறது. அது பருவமடைந்தவர்களின் சட்டம் என்று மறுபடியும் சொல்வார் நண்பர். சரி, பிள்ளையின் சட்டத்துக்கே வருவோம். பெற்றோர் பிரிந்து, இருவரும் பிள்ளைக்கு உரிமை கொண்டாடி வந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவனிடமே விட்டார்கள். இருவரில் விரும்பியவர் கையைப் பிடித்துக்கொள் என்றார்கள். அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உண்டு. விவரம் தெரிந்த வயதில் பிள்ளைக்கு இந்தத் தேர்வு உண்டு என்பது நம் ஷாஃபியீ மத்ஹபின் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் இல்லை. சட்ட வேறுபாடு இருக்கட்டும். அந்தச் சிறுவன் பதிலாக ஒரு வார்த்தை சொன்னதாக ஹதீஸில் இல்லை. கையைப் பிடித்தான், அதுவே பதிலாக ஏற்கப்பட்டது.

எங்கள் மஹல்லாப் பிள்ளையும் தன் உம்மாவின் பர்தாவைப் பிடித்தான்.

அப்படியானால் பிள்ளை மறுக்கும் எதையும் செய்யக்கூடாதா? போலியோ சொட்டு மருந்து கொடுக்க அவன் சம்மதம் கேட்க வேண்டுமா? ரோட்டில் ஓடுபவனை இழுத்துப் பிடிக்கக் கூடாதா? பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால்தான் குற்றம். சிறு வயதில் ஹஸன் (ரலி) அவர்கள் ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டபோது, பெருமானார் அதைத் துப்ப வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. நாம் ஸதகாவைச் சாப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியாதா என்று அந்தப் பச்சைப் பிள்ளைக்குக் காரணமும் சொன்னார்கள். அவன் வயதுக்கு அது புரிந்ததோ இல்லையோ, சொல்ல வேண்டியது பெரியவரின் கடமையாயிருந்தது.

ஆகவே வலீயின் அதிகாரம் உண்மையானது. ஆனால் அது சொத்தல்ல, அமானத். தன் பொறுப்பிலுள்ளவர் மீது ஒருவர் செலுத்தும் அதிகாரம் அவருடைய நலனோடு கட்டப்பட்டது என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி. தலையைச் சுவரில் மோதும் பிள்ளையைத் தடுப்பது அவன் நலன். கையை உதறிக்கொண்டே இருப்பதைத் தடுப்பது யாருடைய நலன்? பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்ற நம் வெட்கத்தின் நலனாகவும் அது இருக்கலாம். அந்தக் கையுதறல்தான் அவனுக்கு ஆறுதல் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இன்று எழுதுகிறார்கள்.

ஏழு வயதில் தொழ ஏவி, பத்து வயதில் அடிக்கச் சொல்லும் ஹதீஸைச் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். அது விவரம் தெரிந்த பிள்ளைக்கு, தொழுகைக்கு, காயமில்லாமல், முகத்தில் படாமல் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பருவமடையும் வரை பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதும் ஹதீஸ்தான். மலக்குகள் எழுதாத பிழையை நிலையத்துத் தாளில் எழுதி, அதற்கு ஈடாக அவனுக்குப் பிரியமானதைப் பிடுங்கி வைப்பதற்கு அந்த ஹதீஸில் ஆதாரமில்லை.

பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன் அல்லவா? அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் காண்டன் நகரில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்ற ஒன்று இருக்கிறது. அங்கே தங்கியிருந்தவர்களில் சிலருடைய உடம்பில் ஒரு கருவியைக் கட்டி, தவறு என்று கருதப்பட்டதைச் செய்தால் தோலில் மின்சாரம் பாய்ச்சினார்கள். பெற்றோர் சம்மதமும் இருந்தது. நீதிமன்ற அனுமதியும் இருந்தது. 2002இல் ஓர் இளைஞன் தன் கோட்டைக் கழற்ற மறுத்தான். அதில் தொடங்கி, அவனைக் கட்டிவைத்து, பல மணி நேரத்தில் 31 முறை மின்சாரம் பாய்ச்சினார்கள். அதன் வீடியோப் படம் இருந்தது. ஆனால் 2012இல் ஒரு வழக்கில் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்பட்ட பிறகே உலகம் அதைப் பார்த்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அக்கருவிக்கு 2020இல் தடை விதித்தது. 2021இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2022 டிசம்பரில் சட்டமே திருத்தப்பட்டு, 2024 மார்ச்சில் தடை மீண்டும் முன்மொழியப்பட்டது. நம் ஊர் நிலையங்களை இதனோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். நான் கவனித்தது இரண்டு. கையெழுத்து இருந்தும் அநியாயம் நடந்தது. மூடிய கதவு இருந்தவரை அது அநியாயமாகத் தெரியவில்லை.

கதவு மூடியிருப்பது நிலையத்தில் மட்டுமா? அந்தச் சகோதரி பிறகு என் மனைவியிடம் ஒன்றைச் சொல்லி வருந்தினாராம். நிலையத்துக்கு என்றால் பிள்ளை செருப்புப் போட மறுக்கிறான் என்று, “பீச்சுக்குப் போலாம் வா” என்று சொல்லிக் கூட்டிப் போவாராம். பேசாத பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சில நாளில் பீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது அவருடைய தாயார், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். பெருமானார் அங்கிருந்தார்கள். என்ன கொடுக்க நாடினாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையிடம் சொன்ன பொய்யும் பொய்தான்; அவன் பதில் பேசாதவன் என்பதால் அதன் கனம் குறைந்துவிடாது.

ஆகவே தெரபிக்குப் பிள்ளையை அனுப்பும் வாப்பாமார்களே, உம்மாமார்களே! போகுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். நான் உள்ளே உட்காரலாமா, அல்லது கண்ணாடி வழியாகவாவது எந்த நேரமும் பார்க்கலாமா? பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? பிடித்து அமுக்குவீர்களா, எப்போது, எவ்வளவு நேரம்? என்ன எழுதி வைக்கிறீர்கள், அதை எனக்குக் காட்டுவீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ‘போதும்’ என்று சொல்ல அவனுக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள், அவன் அப்படிச் சொன்னால் நிறுத்துவீர்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து கெடுத்தால் அவனே பொறுப்பாளி என்ற ஹதீஸை நாம் ஓதியிருக்கிறோம். நாட்டின் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் தம் கருத்தைச் சொல்லும் உரிமை அப்பிள்ளைகளுக்கு உண்டு என்று 4ஆம் பிரிவில் சொல்கிறது. வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியை அரசு செய்துகொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

தர்ஸ் முடிந்த மறுநாள் நானும் என் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனோம். என் மஸ்அலா பிழை என்று சொன்னேன். அதற்கு முந்தைய வாரமே அவர் பிள்ளையை அங்கிருந்து நிறுத்தியிருந்தார். ஒருநாள் கதவு சாத்தாமல் இருந்ததாம். ஒருவர் பின்னாலிருந்து பிள்ளையின் இரு கைகளையும் மேசைமேல் அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. இவன் கதறிக்கொண்டிருந்தான். அவர்கள் கற்ற வேலையை அவர்கள் செய்தார்கள் என்றுதான் அந்தச் சகோதரியே சொன்னார். பிறகு, “நீங்க சொன்னதாலதான் ஆலிம்சா இன்னும் நாலு மாசம் கூட்டிட்டுப் போனேன்” என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் மாஃப் கேட்டேன். அவரும் அவருடைய கணவரும் மாஃப் செய்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. வேறோர் ஆசிரியையிடம் போகிறான். உம்மாவும் உள்ளே உட்காருகிறார். அங்கே அவனுக்கு முதலில் பழக்கியது ஒரு பட அட்டை. விரித்த உள்ளங்கை வரைந்திருக்கும்; ‘வேண்டாம்’ என்று அர்த்தம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் மக்தபுக்கும் வருகிறான். சில நாள் உட்காருவான். சில நாள் பலகையை நான் எடுத்து வைத்ததும் அட்டையைத் தூக்கிக் காட்டுவான். எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

ஆனால் அவனுடைய நான்கு மாதத்துக்கு நான் யாரிடம் மாஃப் கேட்பது? அடியானின் உரிமையை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். கிதாபுகளைப் புரட்டிப் பார்த்தேன். பாலிக் ஆகாத பிள்ளை தன் உரிமையை விட்டுக்கொடுத்தால் செல்லாது. அவனுக்குப் பதிலாக வலீ விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. ஆகவே அவன் பருவமடையும்வரை நான் காத்திருக்க வேண்டும். அப்போதும் அவனுக்கு இது விளங்கவில்லையென்றால், விசாரணை நாள்வரை அந்தக் கணக்கு என் பெயரில் இருக்கும்.